சிறு பொருளும் சொந்தப் பொழுதும்: குயிலாப்பாளையம் காட்டும் கைவினை இன்பம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை விட்டு வடக்கே வந்தால் பெரிய முதலியார்சாவடி. அங்கிருந்து மேற்கே பிரியும் ஆரோவில் சாலை குயிலாப்பாளையத்துக்குள் நுழைகிறது. வானூர் வட்டத்துச் செம்மண் காட்டில் முந்திரிக்கும் பனைக்கும் நடுவே கிடந்த இந்த ஊரின் கடைத்தெரு இன்று சின்னச் சின்னப் பொருள்களால் நிறைந்திருக்கிறது. சுடுமண் தோடு, துணிப் பொம்மை, கையால் செய்த காகிதத்தில் கட்டிய குறிப்பேடு, மணி கோத்த கைச்சங்கிலி, ஊதுவத்திப் பெட்டி. சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் இவற்றை வாங்குவதோடு நிற்பதில்லை. சுற்றுவட்டாரப் பட்டறைகளில் அரைநாள் உட்கார்ந்து மண் பிசையவும் காகிதக் கூழை வடிக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் இந்த ஊர்ப் பெண்கள் சைக்கிளிலும் மொபெட்டிலும் ஆரோவில் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். மண்ணும் காகிதமும் விரல் அசைவும் இரு தரப்புக்கும் ஒன்றுதான். ஒருவருக்கு அது பொழுதுபோக்கு, இன்னொருவருக்குக் கூலி.

சிறு கைவினைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘மனதுக்கு நல்லது, அழுத்தம் குறையும்’ என்று தொடங்கி அங்கேயே முடித்துவிடுவார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் அந்த நன்மை எங்கிருந்து வருகிறது, பெரிய பொருளைவிடச் சின்னப் பொருளில் அது ஏன் கூடுதலாகத் தெரிகிறது, சிலருக்கு வாய்ப்பது ஏன் வேறு சிலருக்கு வாய்ப்பதில்லை என்று யாரும் கேட்பதில்லை. இந்த மூன்றையும் ஓரிடத்தில் வைத்துப் பார்க்கக் குயிலாப்பாளையத்தைப்போல் தோதான ஊர் தமிழ்நாட்டில் அதிகமில்லை.

முதலில் பழங்கதை. குயிலாப்பாளையத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள், புதுச்சேரிக்குத் தெற்கே ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலரும், அடுத்து 1947 முதல் 1950 வரை ழான்-மாரி கசாலும், பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவும் அகழ்ந்த இடம். ரோமானிய மதுச்சாடிகள் பாடப்புத்தகத்தில் இடம்பிடித்துவிட்டன. அந்த மண்ணின் உண்மையான புகழோ மணிகளில் இருக்கிறது. பெரும்பாலானவை ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் போகாத கண்ணாடி மணிகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என்று ஒற்றை நிறத்தில் இருப்பவை. இவற்றுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயர் சூட்டிய ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்காசியா, கொரியா, ஜப்பான் வரை இந்த வகை மணிகளைத் தொடர்ந்து போனார். அவற்றைச் செய்யும் முறை இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்த ஊரை அவர் கண்டது திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில்.

அந்த முறை இது. உருக்கிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டி, நடுவே இரும்புக் குழாயைச் செலுத்தித் துளை உண்டாக்குவார்கள். கூம்பின் முனையைக் கொக்கியால் பற்றி இழுத்தால் உள்ளே துளையோடு கூடிய மெல்லிய குழல் நீண்டுகொண்டே வரும். அந்தக் குழலைத் துண்டு துண்டாக நறுக்கி, துளை அடைபடாமலிருக்கச் சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடாக்குவார்கள். கூர்மையான விளிம்புகள் இளகி உருண்டையாகும். பிறகு சாம்பலைத் தட்டி, சலித்து, அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும். உருக்குபவர், இழுப்பவர், நறுக்குபவர், கோப்பவர் என்று வேலை பல கைகளுக்குப் பங்காகிவிடும். அதாவது, இந்தக் கடற்கரையின் இந்தப் பழைய சிறு கைவினை பொழுதுபோக்காகப் பிறந்ததில்லை. ஏற்றுமதிக்காக நடந்த தொழில் அது.

விழுப்புரம் வட்டாரத்துக்குப் பெரிய உருவங்களும் தெரியும். ஊர் எல்லையில் அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட சுடுமண் குதிரைகள் ஆளுயரத்தைத் தாண்டும். செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளத்தன்று தரையில் மண்ணால் வளர்த்தும் துரியோதனன் உருவத்தின் மேல் கூத்துக்காரர் ஏறி நடக்கலாம். அதே கூத்துக்காரர் அணியும் கிரீடமும் புஜக்கட்டையும் நுணுக்க வேலை. கல்யாணமுருங்கை போன்ற எடை குறைந்த மரத்தைச் செதுக்கி, மேலே சரிகைக் காகிதமும் நகக்கண் அளவுக் கண்ணாடிச் சில்லுகளும் ஒட்டியவை. தீப்பந்த வெளிச்சத்தில் அந்தச் சில்லுகள்தான் ராஜாவை ராஜாவாக்கின. பிரம்மாண்டமும் நுணுக்கமும் இங்கே ஒரே விழாவில் ஒரே இரவில் சந்தித்துக்கொள்கின்றன.

சுற்றிலும் இன்னும் இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும், விழுப்புரம் எல்லையை ஒட்டிய திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கும் குறியீடு வந்துவிட்டது. இவையெல்லாம் தொழில்கள், பெரும்பாலும் குடும்பத்தொழில்கள். இவற்றின் நடுவில் பொழுதுபோக்கு எங்கே இருந்தது?

பிள்ளைகளிடம் இருந்தது. குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் ஒரு பொம்மை வண்டியைக் காட்டுகிறார். தச்சன் செய்து கொடுத்த சிறு குதிரை பூட்டிய தேர். அதில் ஏறிப் போக முடியாது. ஏறிப் போக முடியாவிட்டாலும் கையால் இழுத்தே சிறுவர்கள் மகிழ்கிறார்கள். தலைவியின் நிலையைச் சொல்ல வந்த உவமைதான் அது. ஆனால் சிறு பொருள் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் படித்ததில்லை. பொருளின் பயன் கழன்றுவிட்டது, இன்பம் மட்டும் மிச்சம். பிள்ளைத்தமிழ் இலக்கணமும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று பெரியவர்களின் வீட்டையும் முரசையும் தேரையும் சுருக்கிக் குழந்தை கையில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவமே ஒதுக்கியது.

பனை நிற்கும் ஊர்ப் பிள்ளைக்குத் தச்சன் தேவையில்லை. நுங்கு தின்ற கூந்தல் இரண்டு, நடுவே ஒரு குச்சி, தள்ளக் கவையுள்ள ஒரு கம்பு. நுங்கு வண்டி தயார். குருத்தோலையில் காற்றாடி, கிலுகிலுப்பை, பாம்பு. ஏரிக் களிமண்ணில் மாடு. கடையில் வாங்கிய பொம்மையைவிட இவை குழந்தையை நெடுநேரம் பிடித்து வைப்பதற்குக் காரணம் உண்டு: செய்வதிலேயே பாதி விளையாட்டு முடிந்திருக்கும்.

பிரெஞ்சு மானிடவியலாளர் குளோத் லெவி-ஸ்திராஸ் 1962இல் வெளியிட்ட ‘காட்டுச் சிந்தனை’ என்ற நூலின் முதல் இயலில் சிறு வடிவங்களைப் பற்றி ஒரு விவாதம் வருகிறது. பெரிய பொருளை நாம் பகுதி பகுதியாகப் பார்த்துத்தான் முழுமைக்கு வந்து சேர்கிறோம். அளவைச் சுருக்கினால் வரிசை தலைகீழாகிறது. முழுமை முதலில் கண்ணில் விழுகிறது, பகுதிகள் பிறகு வருகின்றன. பொருளின் மேல் நமக்கு ஒரு பிடி கிடைத்ததுபோல் தோன்றுகிறது. அந்தத் தோற்றம் மாயையாக இருக்கலாம்; அது தரும் மகிழ்ச்சி மெய்யானது என்பது அவர் வாதம். அவர் சொல்லும் இன்னொரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கையால் செய்த சிறு வடிவம் தன்னைச் செய்த விதத்தையும் சேர்த்துக் காட்டிவிடுகிறது. பார்ப்பவர் ‘இதை இப்படியும் செய்திருக்கலாமே’ என்று மனதுக்குள் இன்னொன்றைச் செய்யத் தொடங்குகிறார். தஞ்சாவூர் நெட்டிவேலைப் பெரிய கோயிலின் முன் நிற்கிறவரைக் கவனியுங்கள். உண்மையான பெரிய கோயிலின் முன் அண்ணாந்து வாயடைத்து நின்றவர், நெட்டிக் கோயிலின் முன் குனிந்து, கண்ணைச் சுருக்கி, ‘இந்த நந்தியை எப்படி ஒட்டியிருப்பான்?’ என்று கேட்பார்.

தமிழ் வீடுகளில் இதற்கு ஓர் ஆண்டு விழாவே இருக்கிறது. நவராத்திரிக் கொலு. படியில் வைக்கும் பொம்மைகள் பண்ருட்டியிலோ மதுரை விளாச்சேரியிலோ சென்னைக் கொசப்பேட்டையிலோ செய்து வாங்கியவை. அவற்றில் வீட்டார் கைவேலை குறைவு. வீட்டுப் பிள்ளைகளின் கைவேலை படிக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும். அதற்குப் பெயர் ‘பார்க்’. மகாளய அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்பே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ தூவித் தண்ணீர் தெளித்தால், கொலு வைக்கும் நாளில் அது வயலாக நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரங்களை மண்ணால் மூடினால் குளம். தீப்பெட்டி அட்டையில் வீடு, ஐஸ் குச்சியில் வேலி, கரித்துண்டும் கல்லும் அடுக்கிப் பழனிமலை. குளத்தைவிட வாத்து பெரிதாக இருக்கும். கோயிலுக்குள் போலீஸ்காரர் நுழைய முடியாது. அளவுப் பொருத்தம் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இங்கிலாந்தில் எட்வின் லட்யன்ஸ், புதுதில்லியைக் கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, மேரி அரசிக்காக ஒரு பொம்மை வீட்டை வடிவமைத்தார். 1924இல் முடிந்த அதில் எல்லாம் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. மின்விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும், மின்தூக்கி ஏறி இறங்கும். வின்ட்சர் கோட்டையில் இன்றும் பார்க்கலாம். பார்த்து வியக்க அது, கை வைக்கப் பார்க். இரண்டில் எனக்குப் பார்க்தான் உசத்தி.

கொலு எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். படி கட்ட இடமும் பொம்மைக்குப் பணமும் பத்து நாள் சுண்டலுக்கு வசதியும் இருந்த வீடுகளின் விழா அது. மற்ற வீடுகளில் கைவேலை வேறு உருவில் வந்தது. எழுபது எண்பதுகளில் தமிழ்நாட்டுத் திண்ணைகளை ஆண்ட பிளாஸ்டிக் வயர் கூடை, பாசிமணியில் கோத்த அன்னமும் கிளியும், குரோஷா பின்னிய தொலைக்காட்சி உறை, தலையணை உறையில் பூவேலை. பெண்கள் பத்திரிகைகளின் கைவேலைப் பக்கங்கள் இவற்றுக்கு வாத்தியார். அண்மைக் காலத்தில் காகிதச் சுருள் வேலை, சுடுமண் நகை. வயர் கூடையைப் பின்னிய பெண் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லியிருக்க மாட்டாள். ‘சும்மா இருக்கிற நேரத்தில் கைக்கு ஒரு வேலை’ என்றிருப்பாள். அந்தச் ‘சும்மா இருக்கிற நேரம்’ எவ்வளவு, அதை யார் தீர்மானித்தார்கள் என்பது வேறு கதை.

சுடுமண் நகையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இன்று தமிழ்நாட்டில் வீட்டிலிருந்தபடி கற்கப்படும் சிறு கைவினைகளில் அதற்கு முன்வரிசை இடம் உண்டு. மண்ணின் இயல்பையும் அது சீக்கிரம் கற்றுக் கொடுத்துவிடுகிறது. களிமண்ணைக் கரைத்து வடிகட்டிக் கல்லும் வேரும் நீக்கி, தண்ணீர் இறுத்து, உள்ளே காற்றுக் குமிழி நிற்காதபடி பிசைய வேண்டும். உள்ளங்கையில் உருட்டிய மணியை உடனே துளைத்தால் நசுங்கும். ரொம்ப நேரம் விட்டுத் துளைத்தால் வெடிக்கும். தோல்போல் இறுகி, உள்ளே ஈரம் இருக்கும் அந்த இடைப்பட்ட நேரம்தான் துளைக்கும் நேரம். ஈர்க்குச்சியைத் திருகித் திருகி இரண்டு பக்கத்திலிருந்தும் செலுத்தினால் துளையின் வாயில் பிசிறு வராது. நுணுக்கக் கோடுகளுக்கு ஊக்கின் முனை, பல்குச்சி, பழைய சீப்பின் பல். கடையில் விற்கும் கருவிப்பெட்டி அவசியமில்லை.

பிறகு காத்திருப்பு. காயும்போதும் சுடும்போதும் சேர்த்து மண் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஆளுயரக் குதிரையில் அது பெரிய வித்தியாசமாகத் தெரியாது, ஜிமிக்கியில் தெரியும். இரண்டு ஜிமிக்கியும் ஒரே மண்ணில், ஒரே ஈரத்தில், ஒரே கனத்தில் இல்லாவிட்டால் சுட்டு எடுக்கும்போது ஒன்று அக்காவாகவும் மற்றது தங்கையாகவும் வரும். நிழலில் ஓரிரு நாள், வெயிலில் ஒரு நாள். சற்றே ஈரம் மிச்சமிருந்தாலும் நெருப்பில் அது ஆவியாகி மணியை உடைத்துவிடும். உமியும் வரட்டியும் அடுக்கிய பழைய சட்டியில் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். சுமார் 450 டிகிரிக்கு மேல்தான் களிமண்ணுக்குள் கட்டுண்ட நீர் வெளியேறத் தொடங்குகிறது; சூடு 600 டிகிரியைத் தாண்டினால்தான் மண் பழைய மண்ணாகத் திரும்ப முடியாத நிலைக்கு வருகிறது. அதற்குக் கீழே சுட்டது தண்ணீரில் விழுந்தால் சேறு. காற்று தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பாகும். புகையோடு மூடிவிட்டால் கறுப்பாகும். தொல்லியலாளர்கள் பெருங்கற்காலக் குழிகளிலிருந்து எடுக்கும் கறுப்பு-சிவப்புப் பானைகளின் நிறத்துக்கும் அடிப்படை இதே வேதியியல்தான்.

மணி முதல் ஜிமிக்கி வரை இந்த வேலை பிடித்துக்கொள்வதற்கான காரணத்தை உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் எழுபதுகளிலிருந்து எழுதிவந்தார். வேலையின் கடினமும் செய்பவரின் திறமையும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும். அடுத்து என்ன என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்பது உடனே தெரிய வேண்டும். இந்த மூன்றும் கூடினால் மனிதர் நேரம் மறந்து வேலைக்குள் போய்விடுகிறார். சிறு கைவினையில் மூன்றும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. துளை வெடித்தால் அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். அலுவலகக் கோப்பில் நடந்த தவறு தெரிய ஆறு மாதம் ஆகும்.

இனி ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் கைப்பிடி மண்ணைப் பளிங்குத் தாழியில் இட்டுத் தொடங்கிய நகர் அது. அதன் கைவினைக்குப் பின்னால் புதுச்சேரியின் இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. 1959இல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைக்காகித ஆலை ஒன்று. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி மற்றொன்று. செம்மண் பானை வட்டாரத்தில் 1,200 டிகிரிக்கு மேல் சுடும் மெருகுக் கலங்களைக் கொண்டுவந்து, பலரைக் குயவராக்கிய இடம் பின்னது. ஆரோவில் பக்கம் இன்று நடக்கும் மண்பாண்ட வகுப்புகளின் வேரைத் தேடினால் பல சமயம் அங்கே போய் முடியும்.

சிறு பொருள் என்று வந்தால் ஆரோவிலின் முக்கியமான கதை சுனாமிகா. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிரைக் கொண்டுபோனது. ஆரோவிலை ஒட்டிய மீனவர் ஊர்களில் படகும் வலையும் வீடும் போயின. கடலுக்குப் பக்கத்தில் போகவே பயந்த பெண்களுக்கு உட்கார்ந்து செய்ய ஏதாவது வேண்டியிருந்தது. ஆரோவிலில் ‘உபாசனா’ என்ற ஆடை வடிவமைப்புக் கூடத்தை 1997இல் தொடங்கியிருந்த உமா பிரஜாபதி, தன் தையல் மேசையிலிருந்து விழும் துண்டுத் துணிகளைக் கொண்டு ஒரு சின்னப் பொம்மையை 2005இல் உருவாக்கினார். துணியை இறுகச் சுருட்டினால் உடல், நூல் பிரித்தால் முடி, ஒரு துண்டைச் சுற்றினால் பாவாடை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். செய்யும் பெண்ணுக்குப் பொம்மைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. பொம்மைக்கு விலை கிடையாது. கேட்டவருக்கு அன்பளிப்பாகவே போகும். வாங்கியவர் விரும்பினால் நன்கொடை தரலாம். லட்சக்கணக்கில் செய்யப்பட்டு எண்பது நாடுகள் வரை அது போயிருக்கிறது.

லெவி-ஸ்திராஸின் அதே இயலில் இன்னொரு ஆள் வருகிறார். புதிதாக எதையும் வாங்காமல், கைவசம் கிடக்கும் ஓட்டை உடைசலை வைத்தே தேவையானதை ஒப்பேற்றும் கைக்காரர். பொறியாளர் முதலில் திட்டம் போட்டுவிட்டுப் பொருளைத் தேடுவார். இவர் பொருளை முதலில் பார்த்துவிட்டு இதிலிருந்து என்ன வரும் என்று யோசிப்பார். சுனாமிகாவும் சரி, சுனாமிக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பணியிலிருந்து வளர்ந்த ‘வெல் பேப்பர்’ பெண்கள் பழைய நாளிதழைச் சுருட்டிச் செய்யும் கூடையும் கிண்ணமும் சரி, அந்தக் கைக்காரரின் வழிதான். நுங்கு வண்டிப் பிள்ளையின் வழியும் அதுவே.

சுனாமிகாவை நான் இங்கே விரிவாகச் சொன்னதற்குக் காரணம் அதன் புகழ் இல்லை. கூலிக்கும் இன்பத்துக்கும் நடுவிலுள்ள கோட்டில் அது நிற்கிறது. துக்கத்தில் உறைந்துபோன கைக்கு ஒரு வேலையாகத் தொடங்கியது, பிறகு வருமானமானது. முதல் நூறு பொம்மை செய்த பெண்ணுக்கு இருந்த மனநிலை பத்தாயிரமாவது பொம்மையில் இருந்திருக்குமா? இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். எண்ணிக்கை கூடும்போது கைவினை என்னவாகிறது என்று அரிக்கமேட்டு மணியிலேயே பார்த்துவிட்டோம்.

பொழுதுபோக்கு ஆய்வாளர்கள் இதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். ராபர்ட் ஸ்டெபின்ஸ் 1982இல் ‘தீவிர ஓய்வு’ என்ற கருத்தை வைத்தார்: பொழுதுபோக்கில் ஆழ இறங்குகிறவர்கள் பயிற்சி, விடாமுயற்சி, திறமை வளர்ச்சி என்று கிட்டத்தட்டத் தொழில்காரர்களைப்போலவே நடந்துகொள்கிறார்கள். ஸ்டீவன் கெல்பர் அமெரிக்கப் பொழுதுபோக்குகளின் வரலாற்றை 1999இல் எழுதினார். 1930களின் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களுக்குப் பொழுதுபோக்கைப் பறிபோகாத வேலை என்று சொல்லி ஊக்குவித்தார்களாம். தொழிற்சாலையின் ஒழுங்கையே ஓய்வு நேரத்துக்குள்ளும் கொண்டுவந்து, வேலைதான் நல்லது என்ற எண்ணத்தை அது உறுதிப்படுத்தியது என்பது அவர் முடிவு. அப்படியானால் வேலையும் பொழுதுபோக்கும் எங்கே பிரிகின்றன? கூலி வாங்குவதா அடையாளம்? இல்லை. செய்த நகையை இன்ஸ்டாகிராமில் விற்கும் பலர் பொழுதுபோக்காகத்தான் செய்கிறார்கள்.

நிறுத்தும் உரிமைதான் அடையாளம் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்தவர் மண் ஒத்துழைக்காவிட்டால் கையைக் கழுவிக்கொண்டு காப்பி குடிக்கப் போகலாம். கோணலாக வந்த கிண்ணத்தை ‘இதிலும் ஓர் அழகு இருக்கிறது’ என்று சிரித்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துண்டுக் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணின் கோணல் கிண்ணம் கணக்கில் சேராது. ஒரே விரல் அசைவு இருவருக்கும் இருவேறு அனுபவமாவது இந்த இடத்தில்தான். வேலையில் இன்பமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொழும்பில் 1877இல் பிறந்த கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசாமி, 1908இல் வந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலிலிருந்து கடைசிவரை, கலை வேறு வேலை வேறு என்று பிரித்ததே தொழிற்சாலை யுகம் செய்த கேடு என்று வாதிட்டார். அவர் சொன்ன கைவினைஞருக்கு வேலையில் பெருமை இருந்தது. ஆனால் அந்தக் கைவினைஞர் அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தாரா என்ற கேள்வியை அவர் போதுமான அளவு கேட்கவில்லை.

தமிழ்நாடு கேட்டது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி பாதி நேரம். மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும். குயவர் மகன் மண்ணுக்கு, தச்சர் மகன் உளிக்கு. பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். பள்ளியில் கைவேலை என்றாலே தமிழ்ச் சமூகத்துக்கு இன்றும் ஒரு சந்தேகம் எழுவதற்கு அந்த நினைவும் ஒரு காரணம். நியாயமான சந்தேகம். ஆனால் குலக்கல்விக்கு நேர் எதிரானது பொழுதுபோக்கு. அப்பன் தொழில் என்பதற்காக மண்ணைத் தொடுவது ஒன்று. மீனவர் மகளும் மருத்துவர் மகனும் ஒரே பலகையில் உட்கார்ந்து, பிடித்தால் தொடுவதும் பிடிக்காவிட்டால் விடுவதும் வேறொன்று. முதலாவதை விரட்டிய வேகத்தில் இரண்டாவதையும் பள்ளியிலிருந்து துரத்திவிட்டோம்.

2012இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், தையல், இசை, உடற்கல்வி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். அப்போது வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோகும் பாடவேளை அவர்களுடையதுதான். குயிலாப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் நிலைமை சற்றே பரவாயில்லை. ‘உதவி’, ‘இசை அம்பலம்’ போன்ற ஆரோவில் சார்ந்த பள்ளிகளில் கிராமப் பிள்ளைகளுக்குக் கைவேலைக்கு நேரம் இருக்கிறது. திண்டிவனத்திலோ மயிலத்திலோ உள்ள சாதாரணப் பள்ளிப் பிள்ளைக்கு அது இல்லை. அந்தப் பிள்ளையிடம் நுங்கு வண்டியும் இப்போது குறைந்துவிட்டது.

ஆகவே இரண்டு தரப்பாருக்கு வேண்டுகோள். ஆரோவில் பக்கம் போகும் வாசகர்களே, வகுப்பில் சேருங்கள், கோணல் கிண்ணம் செய்யுங்கள், மகிழ்ச்சியாக இருங்கள். திரும்பும் வழியில் கடைத்தெருவில் சுடுமண் தோட்டை எடுத்துப் பார்த்து ‘இதைத்தான் நானே செய்துவிட்டேனே, இதற்கு இவ்வளவா?’ என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். அரைநாள் மண்ணில் கை வைத்தவருக்கு அந்தத் தோட்டின் விலை எப்படி வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டறை நடத்துகிறவர்களே, உங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இரண்டு இடங்களை உங்களிடம் வேலை பார்க்கும் பெண்களுக்கும் குயிலாப்பாளையத்துப் பிள்ளைகளுக்கும் கட்டணமின்றி ஒதுக்குங்கள். வகுப்பு தமிழில் நடக்கட்டும். அன்றைக்கு அவர்கள் எத்தனை செய்தார்கள் என்று எண்ணாதீர்கள். செய்ததை விற்பனைக்கு வைக்காமல் அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக விடுங்கள்.